முன்னூத்திப் பதிமூணாவது ஆள்

உக்காருங்க மேடம். அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க. செருப்பை வாசல்லயே விட்டுட்டு வந்தீங்க பாருங்க, அது நல்ல வழக்கம். பெரிய பெரிய ஆபீசருங்க எல்லாம் சேத்துக் காலோட ஏறி வந்துடுவாங்க. நான் என்னத்தைச் சொல்றது, வெறும் தலையாரி. அவங்க ஜீப்பு கெளம்புனதும் வெளக்கமாத்தை எடுத்துக்குவேன்.

என்ன கேட்டீங்க? புயல் எச்சரிக்கை வந்தா கன்னித்தோப்பு ஜனம் இந்தப் பாதுகாப்புக் கட்டடத்துக்கு வருதா, வராதவங்க ஏன் வரல. அதானே? பாரத்துலயே அச்சடிச்சிருக்கே. அறியாமை, மூடநம்பிக்கை, பிடிவாதம், இதர காரணங்கள். நாலு கட்டம். பிடிவாதத்துல டிக் போட்டுக்குங்க. போட்டாச்சா? அவ்வளவுதான். மத்தபடி இந்த ஊரு ஜனம் நான் சொன்னா கேக்கும். முன்னூத்திப் பதிமூணு பேர்ல முன்னூத்திப் பன்னெண்டு பேரு கேட்டாங்க. ஒருத்தி கேக்கல.

அவ எங்க அக்கா. வேதாம்பாள்னு பேரு.

பேனாவை மூடாதீங்க, நான் ஒண்ணும் அழுதுட மாட்டேன். ரெண்டு வருஷம் ஆச்சு. டீ சொல்லியிருக்கேன், வந்துடும். உங்களுக்கும் மூணு மணிக்குத்தான் பஸ்ஸு. கேட்டுட்டுப் போங்க. எல்லாரும் வந்து எத்தனை பேரு, எத்தனை மணி, எத்தனை அடி தண்ணின்னு கேட்டுட்டுப் போயிடுறாங்க.

நான் இந்த வேலைக்கு வந்து இருபத்திரெண்டு வருஷம். காயிதத்துல கிராம உதவியாளர், ஜனங்க வாயில தலையாரி. இந்தக் கட்டடம் கட்டி முடிச்சதும் சாவியை எங்கிட்டதான் குடுத்தாங்க. வி.ஏ.ஓ.வுக்கு மூணு ஊரு, அவரு எதைன்னு பாப்பாரு. நாகப்பட்டினத்துல மூணு நாள் பயிற்சின்னு கூப்பிட்டாங்க. நான் எட்டாவதோட நின்னவன். ஆனா அந்த மூணு நாள்ல ஒரு வார்த்தை சிந்தல, அவ்வளவையும் நோட்டுல எழுதிக்கிட்டேன். காத்து எத்தனை வேகம்னா கூரை போவும், எத்தனை வேகம்னா மரம் போவும், கடல் எத்தனை அடி எழும்பி உள்ள வரும், நனைஞ்ச மண்சுவரு எவ்வளவு நேரம் தாங்கும், எல்லாம். புயலுக்கு நடுவுல கண்ணு இருக்குன்னு அங்கதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

இது முக்கியம், கேட்டுக்குங்க. மொதல்ல வடக்கேருந்து அடிக்கும். கண்ணு நேரா நம்ம தலைக்கு மேல வந்துச்சுன்னா சட்டுன்னு நின்னுடும். எலை அசையாது. வெளிச்சம் கூட வரும். போச்சுடா சாமின்னு ஜனம் வெளிய வந்துடும். அரை மணி, மிஞ்சிப் போனா முக்கால் மணி. அப்புறம் தெக்கேருந்து அடிக்கும் பாருங்க, அது மொதல்ல அடிச்சதை விட மோசம். மொதல் அடியில ஆட்டம் குடுத்ததெல்லாம் ரெண்டாவது அடியில விழும். வெளிய நிக்கிறவன் போயிச் சேந்தான்.

இதை நான் ஒத்திகையில ஒரு குண்டான்ல தண்ணி ஊத்தி, கரண்டியால சொழட்டிவிட்டு, நடுவுல குழி விழுவுது பாருங்கன்னு காட்டுவேன். தலையாரி ரசம் வெக்கிறாருன்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டுமே, மனசுல நிக்குதுல்ல. ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் விசில் ஊதி ஒத்திகை வெச்சேன். யார் வீட்டுல நடக்க முடியாதவங்க, யார் வீட்டுல மாசமா இருக்காங்க, எந்த வீடு கூரை, எந்த வீடு ஓடு, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பக்கத்து ஊர்லேருந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போனாங்க. பக்கிரிசாமி மாதிரி இருக்கணும்னு ஒரு கூட்டத்துல தாசில்தாரே சொன்னாரு. பக்கிரிசாமிங்கிறது நான்தான்.

ஆனா பழகப் பழகப் பாலும் புளிக்கும்னு சொல்லுவாங்கல்ல. எச்சரிக்கையும் அப்படித்தான். மூணு தடவை புயல் வருதுன்னு சொல்லி ஜனத்தைக் கொண்டாந்து இதுல அடைச்சேன். மூணு தடவையும் வரல. ஒண்ணு ஆந்திராப் பக்கம் போயிடுச்சு. ஒண்ணு கடல்லயே கரைஞ்சு போச்சு. ஒண்ணு வெறும் மழையா பெஞ்சுட்டுப் போச்சு. அந்த மூணாவதுலதான் ஆட்டுச் சமாசாரம்.

அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. ரெண்டு ஆடு. ஊர்ல சொல்லுவாங்க, தலையாரி ஆட்டைக் கொன்னுட்டான்னு. நீங்க கேட்டீங்கன்னா சொல்லுவாங்க, அதான் நானே சொல்லிடுறேன்.

எங்க அக்கா ஆடு வளக்குறவ. அவ வீட்டுக்காரரு கடலுக்குப் போயி திரும்பல, அப்ப அவளுக்கு முப்பத்தொரு வயசு. மக வல்லிக்கு நாலு வயசு. அந்த ஆட்டை வெச்சுத்தான் வல்லியைப் படிக்க வெச்சா, கட்டிக் குடுத்தா, திருப்பூருக்கு அனுப்பி வெச்சா. ஒவ்வொண்ணுக்கும் பேரு வெச்சிருப்பா. சரி. அந்த மூணாவது தடவை ஏழு ஆட்டையும் ஓட்டிக்கிட்டு இங்க வந்து நிக்கிறா. நல்ல மழை. கீழ பாத்தீங்கல்ல, வெறும் தூணா நிக்கிற தளம், கடத்தண்ணி வந்தா பூந்து போவட்டும்னு அப்படிக் கட்டியிருக்காங்க. அதுல கட்டிக்கிறேங்கிறா. நான் வுடல. கால்நடைக்குன்னு விதியில எழுதல. மறுநாள் ஆபீசருங்க வராங்க, கீழ ஃபுல்லா புழுக்கையும் மூத்திரமுமா கெடந்தா அவங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு என்னைத்தான் கேப்பாங்க. கம்பிக் கதவைச் சாத்திட்டேன். அந்தா அந்த சவுக்குல கட்டுக்கான்னு சொன்னேன். கட்டுனா. ராத்திரி முழுக்க மழை. ஆட்டுக்கு மழை ஆவாதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். காலையில ரெண்டு போயிடுச்சு. ரெண்டும் செனையா இருந்துச்சாம்.

ரெண்டே ரெண்டு. புயலு வரல, ஆடுதான் போச்சுன்னு ஊர்ல கேலி. அவ ரெண்டையும் தலையில தூக்கிக்கிட்டுப் போனா. அதுக்கப்புறம் விசில் ஊதுனா அவ வர்றதில்ல. ஒத்திகைக்கும் வர்றதில்ல. நானும் விட்டுட்டேன். சொந்த அக்காதானே, அவசரம்னா வராம எங்க போயிடுவான்னு விட்டுட்டேன்.

நாலாவது தடவை வந்துடுச்சு மேடம்.

கார்த்திகை மாசம், திங்கக்கெழமை. ரெண்டு மணிக்கு மேல கரை ஏறும்னு மொத நாளே சொல்லிட்டாங்க. விடியக் கருக்கல்லயே மைக்கை எடுத்துட்டேன். கூரை வீடு, ஓட்டு வீடு, கடலோரத்து வீடுன்னு இங்க வந்தே ஆவணும்னு ஒரு பட்டியல், முன்னூத்திப் பதிமூணு பேரு. வீடு வீடா போயி, பெருசுங்களைச் சேர்ல வெச்சுத் தூக்கி, ஒருத்தரு மாத்திரையை மறந்துட்டாருன்னு திரும்ப ஓடி, ஒன்பது மணிக்கு முன்னூத்திப் பன்னெண்டு பேரைக் கொண்டாந்துட்டேன். நெனச்சுப் பாருங்க. முன்னூத்திப் பன்னெண்டு.

மொபெட்டை எடுத்துக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். இங்கேருந்து நடந்தா பத்து நிமிஷம். காத்து அப்பத்தான் வேகம் எடுக்குது. அவ கூரைக்குக் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருக்கா. ஆடு அஞ்சையும் வீட்டுக்குள்ள கொண்டாந்து, அகத்தித் தழையைக் கட்டி தொங்க விட்டுக்கிட்டு இருக்கா.

"கெளம்புக்கா" ன்னேன்.

"குட்டிங்க?" ன்னா.

"குட்டியை அவுத்து வுடு, அது பொழச்சுக்கும்."

"அவுத்து வுட்டா எங்க தம்பி போவும்? அதுக்கு இந்த வீட்டை வுட்டா என்ன தெரியும்?"

அவளே மெதுவா கேட்டா. "கீழ தூணுல கட்டிக்கட்டுமா? நானே கூட்டித் தள்ளிடறேன். ஒரு புழுக்கை கெடக்காது. நீ யாருக்கும் பதில் சொல்ல வேணாம்."

எனக்குக் கோவம் வந்துடுச்சும்மா. காலையிலேருந்து கத்திக் கத்தித் தொண்டை போயிருக்கு. ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதான் ஆர்.ஐ. சார், ஜீப்புல வராருன்னு போன் வந்திருக்கு. "விதியில இல்லக்கா. எத்தனை தடவை சொல்றது? ஊரே வந்தாச்சு, நீ ஒருத்திதான் பாக்கி. தலையாரியோட சொந்த அக்காளே வரலன்னா, ஊருக்குத்தான் உபதேசமான்னு கேக்க மாட்டானா? என் மானத்தை வாங்கணும்னே இருக்கியா?" ன்னு கத்துனேன்.

அவ என் மூஞ்சியைப் பாத்தா. "சாப்பிட்டியா?" ன்னு கேட்டா.

சாப்பிடலதான். எப்படிச் சாப்பிடுறது. பானையிலேருந்து நீராகாரம் மொண்டு, உப்பு போட்டு, ஒரு பச்ச மொளகாயோட குடுத்தா. நின்னுக்கிட்டே குடிச்சேன். எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து எனக்கு அப்படித்தான் குடுப்பா, உப்பைக் கையால கலக்கி. சொம்பைத் திரும்ப வாங்கிக்கிட்டு, "நீ போ தம்பி. பின்னாடியே வரேன்" ன்னா.

இதை எழுதிக்குங்க. அவ வாயால சொன்னா. பின்னாடியே வரேன். நான் கட்டாயப்படுத்தாம வுட்டுட்டேன்னு யாரும் சொல்ல முடியாது.

எங்க பக்கத்துல யாரும் வரமாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாங்க. கல்யாணத்துக்குப் பத்திரிகை வெச்சாலும் சரி, எழவுக்குச் சொல்லி அனுப்புனாலும் சரி, வர முடியாதவங்களும் வரேன்னுதான் சொல்லுவாங்க. அது மரியாதை. எனக்குத் தெரியும். இருபத்திரெண்டு வருஷமா ஜனத்தோட பொழங்குறவன், எந்த வரேன் வர்ற வரேன், எந்த வரேன் வராத வரேன்னு எனக்குத் தெரியாதா. ஆனா அன்னிக்கு நான் அதை வர்ற வரேனாவே எடுத்துக்கிட்டேன்.

திரும்பி வந்தா ஆர்.ஐ. சார் வந்து நிக்கிறாரு. எல்லா ஊர்லேருந்தும் கணக்கு வந்தாச்சு, பதினோரு மணிக்குள்ள மேல சொல்லியாவணும், கன்னித்தோப்பு என்ன ஆச்சுங்கிறாரு. அவரு மேல தப்பு இல்ல, அவரு வேலை அது. பட்டியலை நீட்டுனேன். கடைசிப் பேரு எங்க அக்காது. கட்டம் காலியா கெடக்கு. "இது யாரு?" ன்னாரு. "எங்க அக்காதான் சார், வந்துக்கிட்டே இருக்கு" ன்னேன். சொல்லிக்கிட்டே டிக் போட்டேன். அவரு சொல்லல. நான்தான் போட்டேன். நூத்துக்கு நூறுன்னு போன்ல சொன்னாரு. என் தோள்ல தட்டிக் குடுத்தாரு. அவரு ஜீப்பு போனதும் ஓடிப்போயி இழுத்துக்கிட்டு வந்துடலாம்னுதான் நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

அப்பத்தான் வல்லி கூப்பிட்டா. திருப்பூர்லேருந்து. பின்னாடி தையல் மிஷின் சத்தம் கேக்குது.

"மாமா, அம்மா அங்க வந்துட்டாங்களா? போன் எடுக்க மாட்டேங்குறாங்க" ன்னா.

நான் பதில் சொல்றதுக்குள்ள அவளே சொன்னா. அவ வீட்டுக்காரரோட சிநேகிதன் உத்திராபதின்னு ஒருத்தரு, உள்ள தள்ளி இருக்கிற ஊரு, மாடி வீடு. குட்டியானைன்னு சின்ன லோடு வண்டி வெச்சிருக்காரு. அவரை அனுப்பியிருக்காளாம், அம்மாவையும் ஆட்டையும் சேத்து ஏத்திக்கிட்டுப் போவ. ஆட்டோட சேத்து. "உத்திராபதி அண்ணன் ரயில்வே கேட்டுகிட்ட நிக்கிறாரு மாமா. ரோட்டுல மரம் முறிஞ்சு விழுவுதாம். வரவா, திரும்பவான்னு கேக்குறாரு. அம்மா அங்க வந்துட்டாங்கன்னா அவரைத் திரும்பச் சொல்லிடுறேன். அவரும் புள்ளகுட்டிக்காரரு."

ஆர்.ஐ. சார் பக்கத்துல நிக்கிறாரு. பட்டியல் என் கையில இருக்கு.

எனக்கு என்ன தோணுச்சுன்னு சொல்லட்டுமா? ஊருக்கே காவல் நான். எங்க அக்காவைக் கூட்டிட்டுப் போவ வெளியூரு வண்டி வருதா. அதுதான் தோணுச்சு. அப்புறம் அந்த ஆளும் ஒரு உசிருதானே, மரம் விழுந்தா யாரு பதில் சொல்றதுன்னும் தோணுச்சு. ரெண்டும் தோணுச்சு. எது மொதல்ல தோணுச்சுன்னு இத்தனை நாளா யோசிக்கிறேன்.

"வந்துட்டாம்மா" ன்னேன்.

அத்தோட வுட்டிருக்கலாம். "என்ன மாமா பண்றாங்க?" ன்னா. "கஞ்சி குடிச்சுட்டுப் படுத்திருக்கா. களைச்சுப் போயிருக்கா. எழுப்பவா?" ன்னேன். எப்படி வந்துச்சுன்னே தெரியல, பொய்யி பாட்டுக்கு வருது.

"வேணாம் மாமா, தூங்கட்டும். நீங்க இருக்கீங்க, எனக்கென்ன" ன்னு சொல்லிட்டு வெச்சுட்டா. அந்த வண்டி ரயில்வே கேட்டோட திரும்பிடுச்சு. கேட்டுலேருந்து எங்க அக்கா வீடு நாலு கிலோமீட்டர்.

டீ வந்துடுச்சு, எடுத்துக்குங்க. ஆறிடும்.

ஆர்.ஐ. சார் கெளம்பும்போது மணி பதினொண்ணரை. நான் மொபெட்டை எடுத்தேன். ரெண்டு தெரு தாண்டல, தென்னை மரம் ஒண்ணு குறுக்க விழுந்துச்சு, எனக்கு முன்னாடி இந்தச் சுவரு தூரத்துல. திரும்பி வந்துட்டேன். உள்ள முன்னூத்திப் பன்னெண்டு பேரு இருக்காங்க, சாவி எங்கிட்ட இருக்கு. கதவைச் சாத்தித் தாப்பா போட்டேன். பின்னாடியே வரேன்னா, வந்துக்கிட்டு இருப்பா, வந்தா கதவைத் தட்டுவான்னு கதவுகிட்டயே நின்னேன்.

ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சுச்சு. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஜன்னல் சட்டமெல்லாம் அதிருது. ஜனம் சாமி பேரைச் சொல்லுது. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா எங்கிட்ட வந்து, "தலையாரி, உங்க அக்காளைக் காணுமே?" ன்னு கேட்டுச்சு. "பள்ளிக்கூடத்துக் கட்டடத்துக்குப் போயிட்டா" ன்னு சொன்னேன். ரெண்டாவது பொய்யி.

மூணரைக்கு நின்னுடுச்சு. சட்டுன்னு. நான் குண்டான்ல காட்டுனேனே, அதேதான். ஒரு எலை அசையல. வெளிய பாத்தா மஞ்ச வெளிச்சம். ஜனம் எழுந்துடுச்சு. மாட்டைப் பாக்கணும், வீட்டைப் பாக்கணும், கதவைத் தொறன்னு கத்துறாங்க. நான் கதவுல முதுகைக் குடுத்துக்கிட்டு நின்னேன். ஒருத்தனையும் வுடல. இது கண்ணுடா, திரும்ப அடிக்கும், செத்துப் போவீங்கடான்னு கத்துனேன். ஒருத்தன் என் சட்டையைப் பிடிச்சு இழுத்துக் கிழிச்சுட்டான். வுடல. நான் செஞ்சது சரிதாம்மா. பக்கத்து ஊர்ல அந்த நேரம் வெளிய போன ரெண்டு பேரு திரும்பல. இங்க ஒருத்தருக்கும் நகக்கண்ணுல அடி இல்ல. அந்த விதி சரியான விதி.

தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. முப்பத்தஞ்சு நிமிஷம் நின்னுச்சு காத்து. பத்து நிமிஷ தூரம். ஓடுனா அஞ்சு. மரத்தை எல்லாம் தாண்டி ஏறி எறங்குனாலும் பதினஞ்சுல போயிருக்கலாம். சாவியைக் குஞ்சம்மா கையில குடுத்துட்டு, எங்க அக்கா வெளிய இருக்கா, நான் மட்டும் போறேன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா பட்டியல் பொய்யின்னு ஆயிடும்ல. பள்ளிக்கூடத்துல இருக்கான்னு இப்பத்தானே சொன்னேன். அத்தனை பேரு முன்னாடி எப்படிச் சொல்றது. விதிக்காவத்தான் நிக்கிறேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு நின்னேன்.

அப்புறம் தெக்கேருந்து வந்துச்சு.

அஞ்சரைக்கு அடங்குச்சு. வெளிச்சம் இருக்கும்போதே போயிட்டேன். அடையாளம் தெரியல. தெருவே இல்ல, மரமும் ஓலையுமாத்தான் கெடக்கு. வடக்குக் காத்து அடிச்சப்ப வடக்குச் சுவரு ஊறி ஆட்டம் குடுத்திருக்கு. அதனால அவ ஆட்டை எல்லாம் இழுத்துக்கிட்டு தெக்குச் சுவரு ஓரமா உள்பக்கம் ஒண்டியிருக்கா. அறிவாத்தான் செஞ்சிருக்கா. காத்து நின்னதும் முடிஞ்சுதுன்னு அங்கயே கொஞ்சம் சாஞ்சு கண்ணசந்திருப்பா. தெக்கேருந்து திரும்ப வரும்னு அவளுக்கு யாரு சொன்னா? நான் சொன்னேன். ஊருக்கே சொன்னேன். அவதான் ஒத்திகைக்கு வரலையே. அந்தச் சுவரு அப்படியே உள்பக்கம் சாஞ்சிருக்கு. மண்ணைக் கையால வாரினேன். மூணு குட்டி அவ மடியோட கெடந்துச்சு. ஒண்ணோட தலையில தன் முந்தானையைப் போட்டு மூடியிருந்தா.

சோறு குடுத்த கையிம்மா அது. பாழாப் போனவன் நான்.

இருங்க. ஒண்ணுமில்ல. கொஞ்சம் இருங்க.

போன் கிடையாது, கரெண்டு கிடையாது, ரோடு கிடையாது. ஐஸ் வெக்க வழியில்ல. வெறகெல்லாம் நனைஞ்சு கெடக்கு. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் வெச்சிருந்துட்டு, அதுக்கு மேல முடியாம புதைச்சுட்டோம். வல்லி அவ அம்மா மூஞ்சியைப் பாக்கல. அன்னிக்கே ஆர்.ஐ. ஆபீஸுலேருந்து ஆள் நடந்தே வந்து கேட்டான், பட்டியல்ல இந்தம்மா உள்ள இருக்கிறதா டிக் இருக்கே, எப்படி வெளிய செத்தாங்கன்னு. நான் எழுதிக் குடுத்தேன். மையத்துக்கு வந்தவர், பலமுறை எடுத்துச் சொல்லியும் கேளாமல் பிடிவாதமாகத் தாமே வீடு திரும்பியவர். அப்படியே எழுதினேன், நல்ல கையெழுத்துல. அதுதான் இன்னிக்கும் ஆபீஸுல இருக்கு. தை மாசம் நூத்துக்கு நூறுன்னு எனக்குப் பாராட்டுப் பத்திரம் குடுத்தாங்க. போயி வாங்கிக்கிட்டேன்.

அவ பிடிவாதக்காரி இல்லம்மா. ஒரு தூணு கேட்டா. ஆட்டைக் கட்ட ஒரு தூணு. கீழ இருபத்துநாலு தூணு நிக்குது.

இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க வெளியூரு, பஸ்ஸு ஏறிப் போயிடுவீங்க.

வல்லி மூணாம் நாள் காலையில வந்தா. பஸ்ஸு திருத்துறைப்பூண்டியோட நின்னுடுச்சு. உத்திராபதி வண்டியில ரயில்வே கேட்டு வரைக்கும் கொண்டாந்து வுட்டிருக்காரு. மீதி நாலு கிலோமீட்டரும் மரத்து மேல ஏறி எறங்கி நடந்தே வந்திருக்கா. காலெல்லாம் கிழிச்சு வெச்சிருக்கு. வழியிலயே ஜனம் எல்லாத்தையும் சொல்லிடுச்சு, வீட்டுல சுவரு விழுந்துதான் போனான்னு. புதைச்ச எடத்துக்குப் போயிட்டு, நேரா இங்க வந்தா. நான் இதே எடத்துல நிக்கிறேன். அடிப்பா, மண்ணை வாரித் தூத்துவான்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்.

"மாமா, கஞ்சி குடிச்சுட்டுப் படுத்திருக்காங்கன்னு சொன்னீங்கள்ல" ன்னா. குரல் ஒசரல. "அது எந்த எடம்?"

அவளே மேல சொன்னா.

"நான் அன்னிக்கு அதை நெனச்சுக்கிட்டேதான் மிஷின்ல உக்காந்து தச்சேன் மாமா. வெளிய காத்து அடிக்குது, அம்மா உள்ள பாயைப் போட்டுத் தூங்குறாங்கன்னு. சாயங்காலம் வரைக்கும் நிம்மதியா இருந்தேன். அவங்க செத்துக் கெடக்கிறப்போ நான் நிம்மதியா இருந்திருக்கேன். அந்த எடத்தைக் காட்டுங்க."

என் கை தானா எழுந்துச்சும்மா. அந்தா, அந்த மூணாவது ஜன்னலுக்குக் கீழ. காட்டிட்டேன். அங்க யாரும் படுக்கலன்னு எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

போயி உக்காந்தா. தரையைத் தடவுனா. அப்புறம் ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டா, முந்தானையை இழுத்து மூஞ்சியில போட்டுக்கிட்டு. ரொம்ப நேரம். நான் நகரல. எழுந்து போவும்போது வாசப்படியில நின்னா. திரும்பாமலே கேட்டா.

"இங்க இருந்திருந்தா பொழச்சிருப்பாங்கள்ல மாமா?"

"பொழச்சிருப்பாம்மா" ன்னேன். "அந்த ஜன்னல்கிட்ட ஒரு பொட்டுத் தண்ணி கூட உள்ள வரல."